'ஓர்லா' நடந்த இடங்கள்: ஆறு நாள் பயணக் குறிப்பு

முதல் நாள்: பாரிஸ், சால்பெட்ரியேர்

பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் 'ஓர்லா' நாட்குறிப்பு வடிவில் எழுதப்பட்ட கதை. சேன் நதிக்கரையில் வேலைக்காரர்களோடு வாழும் வசதியான மனிதர் ஒருவர் மே 8 அன்று எழுதத் தொடங்கி, செப்டம்பர் 10 அன்று முடிக்கிறார். இந்த நான்கு மாதத்தில், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இரவில் தன் மார்பில் ஏறிக் கழுத்தை நெரிப்பதாகவும், மேஜையில் வைத்த தண்ணீரைக் குடிப்பதாகவும், கடைசியில் தன் மனத்தையே பிடித்து ஆட்டுவதாகவும் நம்பத் தொடங்குகிறார். முதல் அறிகுறி தமிழில் அமுக்குவான் என்று சொல்லும் அதே அனுபவம்தான். கதையில் வரும் ஊர்கள் எல்லாம் உண்மையானவை. ரயிலிலும் பஸ்ஸிலும் ஆறு நாளில் சுற்றிவிடலாம்.

கிளம்புவதற்கு முன் கதையின் இரண்டு வடிவங்களையும் படித்துவிட வேண்டும். 1886 அக்டோபரில் 'ழில் ப்ளா' நாளிதழில் வந்த சிறிய வடிவம் ஒன்று. 1887 மே மாதம் புத்தகமாக வந்த நாட்குறிப்பு வடிவம் இன்னொன்று. மொழிபெயர்ப்புத் தொகுப்புகளில் இரண்டாவது மட்டும் இருப்பது வழக்கம். அதை மட்டும் படித்தவர்களுக்கு மூன்றாம் நாளில் சொல்லப்போவது பாதிதான் புரியும்.

பித்து முற்றிக்கொண்டிருந்த எழுத்தாளர் தன் கதையையே எழுதிவிட்டார் என்று ஒரு பேச்சு நூறு ஆண்டுக்கும் மேலாகச் சுற்றுகிறது. கையேடுகளும் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்கின்றன. அது தவறு என்பது இந்தக் குறிப்புகளின் நிலைப்பாடு. இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் காரணம் தெரியும்.

தொடங்க வேண்டிய இடம் சால்பெட்ரியேர் மருத்துவமனை. மெட்ரோ 5-ஆம் தடத்தில் சேன் மார்செல் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடை. வெடியுப்புக் கிடங்காக இருந்த இடம் அது. பதினான்காம் லூயி 1656-இல் ஏழைகளை அடைத்துவைக்கும் விடுதியாக மாற்றினார், பிற்பாடு மனநோயாளிப் பெண்களும் அங்கே அடைக்கப்பட்டார்கள். வாசலில் நிற்பது மருத்துவர் பினெலின் சிலை. உள்ளே எண்கோணக் கூரையுள்ள சேன் லூயி தேவாலயத்தைப் பார்க்கலாம். இன்றும் இயங்கும் பெரிய மருத்துவமனை என்பதால் வார்டுகள் பக்கம் போகக் கூடாது, நோயாளிகளைப் படமெடுக்கக் கூடாது.

மருத்துவர் ஷார்கோ இங்கேதான் ஹிஸ்டீரியா நோயாளிகளைச் சபையில் நிறுத்தி ஹிப்னாடிச வகுப்பு நடத்தினார். 1880-களின் நடுவில் அந்த வகுப்புகளுக்கு மாப்பசான் வந்துபோனார். 1885 அக்டோபர் முதல் 1886 பிப்ரவரி வரை ஃப்ராய்டும் இங்கே இருந்தார். அந்த வகுப்பை ப்ருயே வரைந்த ஓவியம் 'ஓர்லா' புத்தகமான அதே 1887-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய 3 மீட்டர் உயரம், 4 மீட்டருக்கு மேல் அகலம். எக்கோல் த மெட்சின் தெருவிலுள்ள மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில் மாட்டியிருக்கிறார்கள். மயங்கிச் சாய்பவள் ப்ளான்ஷ் விட்மன், தாங்கிப் பிடிப்பவர் மருத்துவர் பாபின்ஸ்கி.

இந்தப் பின்னணியோடு கதையின் ஜூலை 16 குறிப்பைப் படித்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பாரிஸில் ஒரு விருந்து. பாரன் என்ற மருத்துவர் கதைசொல்லியின் ஒன்றுவிட்ட சகோதரியை மயக்கத்தில் ஆழ்த்தி, ஒரு விசிட்டிங் கார்டைக் கையில் கொடுத்து, அதைக் கண்ணாடி என்கிறார். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கதைசொல்லி மீசையை முறுக்குவதையும், பையிலிருந்து தன் புகைப்படத்தை எடுப்பதையும் அவள் அந்த அட்டையில் பார்த்துச் சொல்கிறாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு எழுந்து, கதைசொல்லி தங்கும் ஓட்டலுக்குப் போய், 5,000 ஃப்ராங்க் கடன் கேட்க வேண்டும் என்றும் மருத்துவர் கட்டளையிடுகிறார். அவள் அப்படியே செய்கிறாள், ஏன் கேட்கிறோம் என்பதே தெரியாமல்.

இது ஷார்கோவின் பாடம் அல்ல. ஹிப்னாடிசம் ஹிஸ்டீரியா நோயாளிகளிடம் மட்டுமே நடக்கும் என்றார் ஷார்கோ. நல்ல ஆரோக்கியமானவர்களையும் வெறும் சொல்லால் ஆட்டிவைக்கலாம் என்றது பெர்ன்ஹைம் தலைமையிலான நான்சி நகரத்துப் பள்ளி. கதையில் பாரன் பேர் சொல்லிக் குறிப்பிடுவது நான்சி மருத்துவர்களைத்தான். ஷார்கோவின் வகுப்பில் உட்கார்ந்த எழுத்தாளர், கதைக்கு அவருடைய எதிரணியின் கொள்கையைத் தேர்ந்திருக்கிறார். காரணம் எளிது. நோயாளிகளை மட்டும் பிடிக்கும் சக்தி என்றால் வாசகர் பயப்பட மாட்டார். விருந்துக்கு வந்த ஆரோக்கியமான பெண்ணையே பிடிக்கிறதென்றால் யாரை வேண்டுமானாலும் பிடிக்கும்.

இரண்டாம் நாள்: ரூவான்

சேன் லாசார் நிலையத்திலிருந்து ரூவான் ரீவ் த்ருவாத் நிலையத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இருக்கையைச் செல்லும் திசைக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ தேட வேண்டாம், தண்டவாளம் சேன் நதியைப் பல முறை தாண்டுவதால் இரண்டு பக்கமும் நதி வரும்.

தேவாலயத்தின் வார்ப்பிரும்புக் கோபுரம் 151 மீட்டர். மே 8 குறிப்பில் கதைசொல்லி தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து பார்ப்பது இதைத்தான். கதை வந்தபோது அது புதுசு. பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது 2024 ஜூலை 11 அன்று அதில் தீப்பிடித்தது. சீக்கிரமே அணைத்துவிட்டார்கள்.

ரூவானில் அதிக நேரம் தர வேண்டியது ஓ த ரொபெக் தெருவுக்கு. 1890-இல் வந்த மாப்பசானின் 'யாருக்குத் தெரியும்?' கதையின் இரண்டாம் பாதி இங்கே நடக்கிறது. ஒருவர் நாடகம் பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறார். அவர் கண் முன்னாலேயே நாற்காலிகள், சோபாக்கள், பியானோ எல்லாம் தாமாக நடந்து வாசல் வழியே வெளியேறிவிடுகின்றன. பல மாதம் கழித்து இந்தத் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றில், தன் பீரோவையே பார்க்கிறார். போலீஸோடு வந்து பார்த்தால் அவருடைய சாமான் ஒன்றுகூட அங்கே இல்லை. பிறகு சாமான்கள் தாமாகவே வீட்டுக்குத் திரும்பிவிட்டதாகக் கடிதம் வருகிறது. மனிதர் தானாகவே மனநோய் விடுதியில் போய்ச் சேர்ந்துகொள்கிறார்.

தெருவோடு ஓடும் ரொபெக் ஓடையை மாப்பசான் மைபோலக் கறுத்த நீர் என்று வர்ணித்தார். அது மிகையில்லை. சாயப்பட்டறைகள் வரிசையாக இருந்த தெரு இது. மரச்சட்ட வீடுகளை அண்ணாந்து பார்த்தால் மேல்மாடி திறந்து கிடப்பது தெரியும், சாயமிட்ட துணியை உலர்த்திய இடம். இன்று இருப்பது கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடும் சுத்தமான வாய்க்கால், மேலே சின்னச் சின்னப் பாலங்கள், ஓரத்தில் காப்பிக் கடைகள். கதையின் இருட்டைத் தேடி வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்த இருட்டு பக்கத்தில் ஏத்ர் சேன் மக்லுவில் இருக்கிறது. 1348 கொள்ளைநோயில் செத்தவர்களைப் புதைத்த முற்றம், சுற்றிலும் எலும்புகளைச் சேமித்த மரக்கூடங்கள், உத்தரங்களில் மண்டையோடும் மண்வெட்டியும் செதுக்கியிருக்கிறார்கள். மாலை வெயில் சாய்ந்த பிறகு போனால் செதுக்கல்களின் நிழல் நன்றாக விழும்.

மாப்பசானின் இந்த வகைக் கதைகள் தமிழுக்கு வெகு சீக்கிரமே வந்துவிட்டன. புதுமைப்பித்தனின் 'கொலைகாரன் கை', 'பயம்' இரண்டும் மாப்பசானைத் தழுவியவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் நாள்: க்ருவாசே, பியேசார்

ரூவானிலிருந்து வலது கரையோடு மேற்கே சுமார் 5 கிலோமீட்டர். சைக்கிள் எடுத்தால் நல்லது. மாப்பசானின் குருநாதரான எழுத்தாளர் ஃப்ளோபேர் க்ருவாசேயில் வாழ்ந்த வீடு இப்போது இல்லை, அவர் இறந்த மறு வருடமே விற்று இடித்துவிட்டார்கள். தோட்டத்து மூலையில் இருந்த சிறிய மண்டபம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1906 முதல் அருங்காட்சியகம். திறக்கும் நாட்கள் குறைவு, முன்னாடியே பார்த்துக்கொண்டு போங்கள்.

மண்டபத்து வாசலில் நதியைப் பார்த்து நில்லுங்கள். கதைசொல்லி தன் வீட்டைப் பற்றிச் சொல்கிறார்: எதிரே சேன், இடப்பக்கம் தூரத்தில் ரூவான். வலது கரையில் நதியைப் பார்த்து நிற்பவருக்குத்தான் ரூவான் இடப்பக்கம் வரும். 1886 வடிவத்தில் வீடு இருக்கும் ஊர் பியேசார் என்றே பெயர் சொல்லப்படுகிறது, அது இங்கிருந்து நதியோடு இன்னும் சற்றுக் கீழே. கடலில் செல்லும் பெரிய கப்பல்கள் இன்றும் ரூவான் வரை வருகின்றன. கதையில் மே 8 அன்று வெள்ளை வெளேரென்று ஒரு பிரேசில் கப்பல் போகிறது, கதைசொல்லி ஆசையாக வணக்கம் வைக்கிறார். மூன்று மாதம் கழித்து, பிரேசிலில் மக்கள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றுக்குப் பயந்து ஊரைக் காலி செய்கிறார்கள் என்ற செய்தியை அறிவியல் இதழ் ஒன்றில் படிக்கும்போதுதான் அந்தக் கப்பல் எதைக் கொண்டுவந்தது என்று அவருக்குப் புரிகிறது.

தேதியையும் கவனிக்க வேண்டும். ஃப்ளோபேர் இதே க்ருவாசேயில் இறந்தது 1880 மே 8. உடலைக் குளிப்பாட்டி உடுத்தியவர்களில் மாப்பசானும் ஒருவர். குருநாதர் இறந்த நாளில், குருநாதரின் வீட்டைப் போன்ற வீட்டில், "என்ன அருமையான நாள்!" என்று தொடங்கும் நாட்குறிப்பு. இதைத் தற்செயல் என்று சொல்ல மனம் வரவில்லை.

இனி தண்ணீர்ச் சோதனை. கதையின் முதுகெலும்பு இதுதான். ஜூலை 5 குறிப்பு முந்தைய இரவைப் பற்றியது. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கிறார். படுக்கும்போது நிரம்பியிருந்த கண்ணாடிக் குடுவை, எழுந்து பார்த்தால் காலி. மறுநாளிலிருந்து முறையாகச் சோதிக்கிறார்.

ஜூலை 6: ஒயின், பால், தண்ணீர், ரொட்டி, ஸ்ட்ராபெரி ஐந்தையும் மேஜையில் வைக்கிறார். தண்ணீர் முழுக்கப் போய்விட்டது, பாலில் கொஞ்சம் போயிருக்கிறது, மற்றதில் கை படவில்லை. 7: அதே சோதனை, அதே முடிவு. 8: தண்ணீரையும் பாலையும் எடுத்துவிடுகிறார். எதுவும் தொடப்படவில்லை. 9: தண்ணீரும் பாலும் மட்டும். குடுவைகளை வெள்ளை மஸ்லின் துணியில் சுற்றி, மூடிகளை நூலால் கட்டி, தன் உதடு, தாடி, கைகளில் பென்சில் கரியைத் தேய்த்துக்கொண்டு படுக்கிறார். தூக்கத்தில் தானே எழுந்து குடித்தால் துணியில் கறை பட்டாக வேண்டும். காலையில் துணி வெள்ளையாக இருக்கிறது. தண்ணீரும் இல்லை, பாலும் இல்லை.

கரியைத் தேர்ந்தது சரியான யோசனை. தோலில் நன்றாகப் பிடிக்கும், வெள்ளைத் துணியில் லேசாக உரசினாலே தடம் விடும், ஊதினாலோ தட்டினாலோ போகாது. மை என்றால் காய்ந்துவிடும், மாவு என்றால் தானாக உதிரும். பூட்டிய கதவு வேலைக்காரர்களை விலக்குகிறது, எட்டாம் தேதிச் சோதனை மற்ற உணவுகளை விலக்குகிறது, கரி அவரையே விலக்குகிறது. ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம் என்று வரிசையாக அடைத்துக்கொண்டே வருகிறார்.

ஆனாலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. தூக்கத்தில் நடப்பவர் கையையும் முகத்தையும் கழுவிவிட்டு நூலை அவிழ்த்து, குடித்து, மறுபடி கட்டிவிட்டுத் திரும்பக் கரி பூசிக்கொள்ள முடியும். தூக்கத்தில் இதைவிடச் சிக்கலான காரியங்களைச் செய்தவர்கள் உண்டு. இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. அவர் இல்லாத அறையில் குடுவையை வைத்துப் பூட்டிப் பார்க்கவே இல்லை. ஜூலை 10-இல் பாரிஸுக்குக் கிளம்பிவிடுகிறார், இரண்டு வாரத்துக்கு மேல் அறை சும்மா கிடக்கிறது. ஒரு குடுவையை நிரப்பி வைத்துவிட்டுப் போயிருந்தால், குடிப்பது அவரா வேறொன்றா என்பது ஒரே சோதனையில் தீர்ந்திருக்கும். இத்தனை கவனமான மனிதர் இந்த ஒன்றைச் செய்யாமல் விட்டது எழுத்தாளரின் மறதி என்று நாங்கள் நினைக்கவில்லை. அது தீர்ந்துவிட்டால் கதையும் தீர்ந்துவிடும்.

1886 வடிவத்தோடு ஒப்பிட வேண்டியதும் இங்கேதான். அதில் மராந்த் என்ற மருத்துவர் தன் விடுதியில் சக மருத்துவர்கள் மூவரையும் அறிவியலாளர்கள் நால்வரையும் கூட்டி உட்காரவைத்து, நோயாளியைப் பேசவிடுகிறார். அக்கம்பக்கத்தில் இன்னும் மூன்று பேருக்கு அதே பாதிப்பு இருப்பதையும் மருத்துவரே உறுதி செய்கிறார். இவர் பைத்தியமா, நாங்கள் இருவருமே பைத்தியமா, அல்லது மனிதனுக்கு அடுத்த இனம் உண்மையிலேயே வந்துவிட்டதா என்று தெரியவில்லை என்கிறார் கடைசியில். சில மாதம் கழித்து வந்த வடிவத்தில் மருத்துவர் இல்லை, சபை இல்லை, அண்டை வீட்டுச் சாட்சி இல்லை. வண்டிக்காரன் வெளுத்துப்போய் இருக்கிறான், அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் உடைவதாக வேலைக்காரர்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்கிறார்கள், அவ்வளவுதான். அதையும் நமக்குச் சொல்பவர் கதைசொல்லியே. அறிவு கலங்கியவரின் கை தானாக எழுதிய மாற்றம் இல்லை இது. எந்தக் கல்லை உருவினால் சுவர் ஆடும் என்று தெரிந்த கொத்தனாரின் வேலை.

கண்ணாடிக் காட்சியையும் அதே அளவுகளோடு எழுதியிருக்கிறார். இரண்டு விளக்கு, கணப்பு மேடையில் எட்டு மெழுகுவத்தி, எதிரே தூண் வைத்த ஓக் கட்டில், வலப்பக்கம் கணப்பு, இடப்பக்கம் சாத்திய கதவு, பின்னால் நிலைக்கண்ணாடி பதித்த உயரமான அலமாரி. சட்டென்று திரும்புகிறார். அறை பட்டப்பகல் போல வெளிச்சம், கண்ணாடியில் அவர் உருவம் இல்லை. பிறகு தண்ணீர் விலகுவதுபோல மெல்ல உருவம் திரும்பி வருகிறது. வழக்கமான பேய்க்கதை விளக்கை அணைத்துப் பயமுறுத்தும். இது பத்துச் சுடரை ஏற்றிவைத்துப் பயமுறுத்துகிறது.

திரும்பும்போது த்யெப்தால் படகுத்துறையில் ஏறி எதிர்க்கரைக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. நதியின் நடுவிலிருந்து பார்த்தால்தான் க்ருவாசேக் கரையின் சரிவு முழுதாகத் தெரிகிறது.

நான்காம் நாள்: மோன் சேன் மிஷேல்

ரூவானிலிருந்து நேர் ரயில் இல்லை. கான் போய், பொன்தோர்சோன் ரயில் பிடித்து, அங்கிருந்து சுமார் 9 கிலோமீட்டர் பஸ். கானிலிருந்து போகும் ரயில்கள் ஒரு நாளைக்குச் சிலவே, ஒன்றைத் தவறவிட்டால் நாள் போச்சு. இரவு தங்குவதுபோல் திட்டமிடுவதே நல்லது.

கதைசொல்லி ஜூன் மாதத்தில் அவ்ரான்ஷ் ஊரிலிருந்து, கடல் மணலுக்கு நடுவே உச்சியில் மடத்தோடு நிற்கும் இந்தக் குன்றைப் பார்க்கிறார், மறுநாள் மணலில் பல மணி நேரம் நடந்து அடைகிறார். அந்த நடை இன்றும் உண்டு. எதிர்க்கரையில் ஜெனே ஊரருகே தொடங்கி, வெறுங்காலோடு, ஒரு வழிக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர். வழிகாட்டி இல்லாமல் இறங்கவே கூடாது. நீர் சொதசொதக்கும் மணலில் கால் புதைந்தால் இழுக்க இழுக்க இறுகும். அலையேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாட்களில் 14 மீட்டரைத் தொடும், தட்டை மணல் என்பதால் தண்ணீர் பின்பக்க ஓடைகளில் நிறைந்து திரும்பும் வழியை முதலில் அடைத்துவிடும்.

இன்று நாம் பார்க்கும் ஊசிக் கோபுரமும் உச்சியில் மின்னும் மிக்கேல் சிலையும் 1897-இல் வந்தவை. 'ஓர்லா'வின் மனிதர் பார்த்தது மொட்டைத் தலைக் குன்று. தங்கும் விடுதிகளில் மாட்டியிருக்கும் படங்களை வைத்துக் கதையைக் கற்பனை செய்தால் உருவம் தப்பாகிவிடும்.

மடத்துக்குச் சுமார் 350 படி. மேலே காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும் திறந்த வெளியில்தான் கதையில் வரும் துறவி பேசியிருக்க வேண்டும், அவர் சொல்வதே காற்றைப் பற்றி. இரவில் மணலில் இரண்டு ஆடுகள் பேசுவது கேட்கும், ஒன்று உரத்த குரல், ஒன்று மெல்லிய குரல் என்று ஊரார் சொல்வதைச் சொல்கிறார். தலையைப் போர்வையால் மூடிய கிழ இடையன் ஒருவன், ஆண் முகமுள்ள கிடாவையும் பெண் முகமுள்ள ஆட்டையும் ஓட்டிப்போவதாக மீனவர்கள் சத்தியம் செய்கிறார்களாம். நம்புகிறீர்களா என்று கேட்டால், மரத்தைப் பிடுங்கி மலையளவு அலையை எழுப்பும் காற்றைக் கண்ணால் பார்த்ததுண்டா என்று திருப்பிக் கேட்கிறார். கதைசொல்லிக்குப் பதில் இல்லை. வீடு திரும்பியதும் அதே வாதத்தைத் தன் அறையிலுள்ள ஒன்றுக்குப் பயன்படுத்துகிறார். ஊர்சுற்றல்போலத் தோன்றும் அத்தியாயம் பித்துக்கு ஒரு தர்க்கத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது.

ஐந்தாம் நாள்: பிகால்

பாரிஸுக்குத் திரும்பும் ரயிலில் பாதி நாள் போய்விடும். மாலையில் ஷப்தால் தெருவின் முட்டுச்சந்து ஒன்று போதும்.

ஒரு பழைய தேவாலயத்தை மாற்றிய சுமார் 290 இருக்கை அரங்கில் 1897 முதல் 1962 வரை க்ரான் கின்யோல் என்ற பெயரில் திகில் நாடகங்கள் நடந்தன. இன்று அதே கட்டடத்தில் சைகை மொழி நாடக அரங்கம் இயங்குகிறது. இதை இந்தப் பயணத்தில் சேர்க்கக் காரணம் ஆல்ஃப்ரெட் பினே. 1905-இல் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கிய அதே உளவியலாளர். 1880-களில் ஷார்கோவின் சால்பெட்ரியேரில் வேலை செய்தவர். இங்கே ஆந்த்ரே த லோர்த் என்ற நாடகாசிரியரோடு சேர்ந்து பைத்தியம் பற்றிய திகில் நாடகங்களை எழுதினார். முதல் நாள் பார்த்த மருத்துவ அரங்கமும் இந்த நாடக அரங்கமும் ஒரே மனிதரால் இணைகின்றன.

முறை மட்டும் வேறு. இங்கே பேய் கிடையாது. மேடையில் வருவது மனநோய் விடுதி, அறுவைக் கத்தி, திராவகம். ரத்தத்துக்குக் கார்மைன் சாயமும் கிளிசரினும் சம அளவு. சூடாக இருக்கும்போது ஓடும், ஆற ஆற உறையும், அதனால் காட்சிக்குச் சற்று முன்தான் சூடாக்க வேண்டும். ஒரு திகில், ஒரு கேலி நாடகம் என்று மாறி மாறிப் போட்டார்கள், தொடர்ந்து திகிலே என்றால் பார்ப்பவருக்கு மரத்துவிடும்.

மாப்பசானோடு வைத்துப் பார்க்கும்போது இது ஒரு படி இறக்கம் என்பதே எங்கள் எண்ணம். மேடையில் பைத்தியத்தை வெளியிலிருந்து பார்க்கிறோம், யார் பைத்தியம் என்பதில் சந்தேகமே இல்லை. 'ஓர்லா'வில் அந்தச் சந்தேகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஆறாம் நாள்: மோன்பர்னாஸ், பஸ்ஸி

காலையில் மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டம், 26-ஆம் பிரிவு. மாப்பசானின் கல்லறை இங்கே இருக்கிறது: இரண்டு தூண், நடுவில் விரித்த கல் புத்தகம். வாசலில் வரைபடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெகு நேரம் சுற்ற வேண்டியிருக்கும்.

மதியம் பஸ்ஸி. மெட்ரோ 6-ஆம் தடம். மருத்துவர் எமில் ப்ளான்ஷ் மனநோய் விடுதி நடத்திய லம்பால் மாளிகை இப்போது துருக்கித் தூதரகம், உள்ளே விடமாட்டார்கள். ரெய்னுவார் தெரு 47-இல் உள்ள பால்சாக் இல்லத்துக்குப் போனால் அதன் தோட்டத்திலிருந்து மாளிகை நன்றாகத் தெரியும். திங்கள் விடுமுறை. நிரந்தரக் கண்காட்சிக்குக் கட்டணம் இல்லை. தோட்டத்துக்குக் கீழே போகும் பெர்த்தோன் சந்து அந்தக் காலத்துக் கல் பாவிய தரையோடு இன்றும் இருக்கிறது.

கவிஞர் நெர்வால் 1853, 54-இல் இங்கே சிகிச்சையில் இருந்தார். மருத்துவர் ஊக்கப்படுத்த, தன் பித்தையே 'ஒரேலியா'வாக எழுதினார். 1855 ஜனவரி 26 அன்று ஷாத்லே பக்கத்துச் சந்து ஒன்றில் தூக்கில் தொங்கிக் கிடந்தார். நூலின் இரண்டாம் பகுதி அதன் பிறகுதான் அச்சானது. பித்துக்கு உள்ளிருந்து எழுதிய எழுத்து எது என்று கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும். காலமும் இடமும் ஒன்றில் ஒன்று கரைகின்றன, கனவு எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளமே கிடையாது. கரியும் மஸ்லினும் தேதியும் அதில் இல்லை.

மாப்பசானின் தம்பி எர்வே 1889 நவம்பரில் லியோன் அருகே ப்ரோன் மனநோய் விடுதியில் இறந்தார். மாப்பசானுக்கு சிபிலிஸ் நோய் மூளையைத் தாக்கியது. 1892 ஜனவரி முதல் நாட்களில் தெற்குக் கடற்கரையிலுள்ள கான் நகரத்தில் (நான்காம் நாள் ரயில் மாறிய கான் அல்ல) கழுத்தை அறுத்துக்கொள்ள முயன்றார், சில நாளில் பஸ்ஸிக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் 'ஓர்லா' வந்தது அதற்கு ஐந்து ஆண்டு முன்னால். அது வெளியான 1887 கோடையில் அவர் 'ஓர்லா' என்றே பெயரிட்ட பலூனில் ஏறி பெல்ஜியம் வரை பறந்துபோனார்.

1893 ஜூலை 6 அன்று, 43 வயதுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அந்த மாளிகையில் இறந்தார். அங்கே இருந்த 18 மாதத்தில் ஒரு கதையும் எழுதவில்லை. பால்சாக் தோட்டத்தை மாலை 6 மணிக்கு மூடுகிறார்கள்.